'அப்படியொரு கோப்பு இல்லை': ஒரு பிழைச்செய்தியை வாசிக்கும் முறை

கணினி நிரலாக்கம் பயிலத் தொடங்கும் மாணவரைத் திகைக்க வைக்கும் தடை பல வேளைகளில் அவர் எழுதிய நிரலின் தருக்கத்தில் எழுவதன்று. பிறர் எழுதி வெளியிட்ட மென்பொருள் கூறு ஒன்றைத் தம் கணினியில் தொகுக்க முற்படும்போது அது எழுகிறது. திரையில் ஆங்கில வரிகள் ஓடுகின்றன. 'அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை' என்று பொருள்படும் ஒரு செய்தியோடு பணி நின்றுவிடுகிறது. தாம் ஓர் எழுத்தையும் மாற்றாத நிலையில் வந்த பிழை ஆதலால், எங்கே திருத்துவது என்பது மாணவர்க்கு விளங்குவதில்லை. சிலர் இத்துறை தமக்கு ஒத்துவராது என ஒதுங்கிவிடுகின்றனர். வேறு சிலர் எங்கோ கண்ட கட்டளைகளை, அவை என்ன செய்யும் என்று அறியாமலே, நிருவாகி உரிமையோடு இயக்குகின்றனர். முன்னதில் மாணவர் தம் படிப்பை இழக்கின்றார்; பின்னதில் தம் கணினியின் பாதுகாப்பை இழக்கின்றார்.

இப்பிழையைத் தீர்ப்பதற்குக் கணினியறிவுக்கு முன்னே வாசிப்பறிவு வேண்டும் என்பதே இவ்வுரையின் கருத்து. ஒரு தொடரைக் கண்டால் எழுவாய் எது, பயனிலை எது, சொன்னவர் யார், சொல்லாமல் விட்டது எது என்று கேட்பது மொழி பயின்றோர் வழக்கம். அதே வினாக்களை இப்பிழைச்செய்தியிடமும் நாம் கேட்கலாம்.

அறிவிப்பும் வரையறையும்

சி என்னும் நிரல்மொழியை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கினார். அம்மொழியில் எழுதிய நிரலை, கம்பைலர் எனப்படும் தொகுப்பி மேலிருந்து கீழாக வாசித்துச் செல்கிறது. செயற்கூறு ஒன்றின் பெயரைக் காணும்போது, அது எத்தனை உள்ளீடுகளை ஏற்கும், எவ்வகை மதிப்பைத் திருப்பித் தரும் என்பவற்றைத் தொகுப்பி முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அச்செயற்கூறு உள்ளே எவ்வாறு பணியாற்றுகிறது என்பதை அப்போது அறிய வேண்டுவதில்லை. இயல்பை மட்டும் கூறுவது அறிவிப்பு. பணியாற்றும் முறையை முழுமையாகக் கூறுவது வரையறை. பெரும்பாலும் அறிவிப்புகளைத் திரட்டி வைத்த கோப்பே தலைப்புக் கோப்பு. அதன் பெயர் வழக்கமாகப் புள்ளியும் 'எச்' என்னும் எழுத்துமாக முடியும். நிரலின் தொடக்கத்தில் அமையும் 'இன்க்ளூட்' கட்டளையைக் கண்டதும், முன்செயலி அக்கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் அவ்விடத்திற் கொணர்ந்து சேர்க்கிறது.

நம் இலக்கண மரபில் இதற்கு நெருங்கிய கருத்து ஒன்று உண்டு. தொல்காப்பிய மரபியல் கூறும் 32 உத்திகளுள் 'மொழிவாம் என்றல்' என்பது ஒன்று. பின்னர் விரித்துரைக்கவிருப்பதை முன்னரே சுட்டிச் செல்லும் முறை அது. தலைப்புக் கோப்பும் 'இப்பெயருடைய செயற்கூறு உண்டு. அதன் இயல்பு இது. அதனைப் பின்னர்த் தருவோம்' என்றே தொகுப்பியிடம் கூறுகிறது. தொகுப்புப் பணி முடிந்தபின், லிங்க்கர் எனப்படும் இணைப்பி, உரிய நூலகத்திலிருந்து வரையறையைத் தேடி இணைத்து அவ்வாக்கை நிறைவேற்றுகிறது.

இவ்வேறுபாட்டை உணர்ந்தால் இரண்டு பிழைகளைப் பிரித்தறியலாம். முன்னறிவிப்பு அடங்கிய கோப்பே கிட்டாதபோது, பணி தொடக்கத்திலேயே நின்றுவிடும். நாம் ஆராயும் பிழை இதுவே. முன்னறிவிப்பு கிட்டியும் வரையறை கிட்டாதபோது, இணைப்பி 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று கூறி இறுதியில் நிறுத்தும். ஒன்றற்குரிய தீர்வு மற்றதற்குப் பயன்படாது. ஆதலால், செய்தியைத் தந்தது முன்செயலியா இணைப்பியா என்பதை முதலில் காணுதல் வேண்டும்.

செய்தியைப் பிரித்து வாசித்தல்

தமிழோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 'கொ' என்னும் எழுத்து ஒருங்குறியில் 'க' என்னும் குறியாகவும் அதனைத் தொடரும் ஒகர உயிர்க்குறியாகவும் சேமிக்கப்படலாம். திரையிலோ அவ்வுயிர்க்குறி இரு கூறாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இவ்வாறு எழுத்துருவின் துணைகொண்டு வடிவங்களைத் தேர்ந்து நிரல்படுத்தும் திறமூல நூலகங்களுள் ஒன்று ஹார்ஃப்பஸ். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் உலாவிகளிலும் ஆண்ட்ராய்டிலும் லிப்ரே ஆஃபிசிலும் அது பயன்படுகிறது. அதன் முதன்மைத் தலைப்புக் கோப்பின் பெயர் 'எச்பி.எச்'.

மாணவர் ஒருவர் 'தமிழ்.சி' என்னும் கோப்பின் முதல் வரியில் அத்தலைப்புக் கோப்பை வரவழைத்து, உபுண்டு இயங்குதளத்தில் ஜிசிசி தொகுப்பியை இயக்குகின்றார் என்க. ஒலிபெயர்த்துச் சொன்னால் திரையில் வரும் செய்தி இது:

தமிழ்.சி:1:10: ஃபேட்டல் எரர்: எச்பி.எச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி

இதன் முதற்பகுதி இடத்தைக் குறிக்கிறது: தமிழ்.சி என்னும் கோப்பு, 1ஆம் வரி, 10ஆம் எழுத்திடம். ஏன் 10? 'இன்க்ளூட்' என்பதற்கு ஆங்கிலத்தில் 7 எழுத்துகள், அதன்முன் ஒரு குறியீடு, பின்னர் ஓர் இடைவெளி, ஆக 9. கோப்பின் பெயரைத் தாங்கும் கோண அடைப்புக்குறி 10ஆம் இடத்தில் தொடங்குகிறது. செய்தி இத்துணை நுட்பமாக இடஞ்சுட்டுகிறது என்பதை மாணவர் ஒருமுறை எண்ணிப் பார்த்தாலே அச்சம் பாதி நீங்கும்.

'ஃபேட்டல்' என்னும் சொல், மேற்கொண்டு செல்ல இயலாது என்பதை மட்டுமே குறிக்கிறது. அதனை அடுத்துத் தொகுப்பு நின்றுவிட்டது என்னும் வரி வரும். இதிலிருந்து ஒரு பயனுள்ள முடிவு கிடைக்கிறது. தலைப்புக் கோப்பு ஒன்று கிட்டாதபோது தொகுப்பி அங்கேயே நின்றுவிடுவதால், எஞ்சியவை உள்ளனவா என அது பார்ப்பதில்லை. ஒன்றைச் சரிசெய்தபின் வேறொரு கோப்பின் பெயரோடு அதே செய்தி வருமாயின், நாம் ஒரு படி முன்னேறியுள்ளோம் என்பதே பொருள்.

இறுதித் தொடர் இன்றியமையாதது. அது இயங்குதளம் தன்னிடமுள்ள வாய்பாட்டுத் தொடர்களுள் ஒன்றைத் தர, தொகுப்பி அதனை அவ்வாறே நம்மிடம் ஒப்பிக்கும் கூற்று. கோப்பு இல்லாதபோதும் அதனை நோக்கிச் செல்லும் அடைவு இல்லாதபோதும் இயங்குதளம் தருவது இவ்வொரே தொடர்தான். ஆதலின் 'டைரக்டரி' என்னும் சொல்லைக் கண்டு, காணாமற்போனது ஓர் அடைவு என்று முடிவு செய்தல் ஆகாது.

தமிழில் 'இல்லை' என்னும் சொல் இரு நிலைகளில் வரும். 'அவர் வீட்டில் இல்லை' என்றால் குறித்த ஓரிடத்தில் இல்லை என்பது பொருள். 'அப்படியொருவர் இல்லை' என்றால் எங்குமே இல்லை என்பது பொருள். பிழைச்செய்தி பின்னதைப் போல ஒலிக்கிறது. ஆயினும் முன்னதையே கூறுகிறது. 'நான் தேடிய இடங்களில், நீ சொன்ன இப்பெயரில் ஒரு கோப்பைக் காணவில்லை' என்பதே அதன் முழுப்பொருள். தேடிய இடங்கள் எவை என்பதைச் செய்தி சொல்லாமல் விடுகிறது. தீர்வு பெரும்பாலும் அச்சொல்லாத பகுதியிலேயே உள்ளது.

கேட்க வேண்டிய மூன்று வினாக்கள்

முதல் வினா: கோப்பு இக்கணினியில் உள்ளதா? 'திரையில் தமிழ் நன்றாகத் தெரிகிறதே. ஹார்ஃப்பஸ் இருக்கத்தானே வேண்டும்?' என்று மாணவர் கேட்கக்கூடும். நூலகம் இருக்கிறது; அதன் தலைப்புக் கோப்பு இல்லை. டெபியன், உபுண்டு ஆகியவை ஒரு நூலகத்தை வழக்கமாக இரு பொதிகளாகப் பிரித்து வழங்குகின்றன. மென்பொருளை இயக்குவோர்க்கு வேண்டியது ஒரு பொதியிலும், மென்பொருளை உருவாக்குவோர்க்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் மற்றொன்றிலும் இருக்கும். பின்னதன் பெயர் பெரும்பாலும் 'டெவ்' என்றும், ஃபெடோரா இயங்குதளத்தில் 'டெவெல்' என்றும் முடியும். இங்கு வேண்டப்படுவது உபுண்டுவின் 'லிப்ஹார்ஃப்பஸ்-டெவ்' பொதி. ஒரு தலைப்புக் கோப்பு எப்பொதியில் அடங்கும் என்பதை 'ஆப்ட்-ஃபைல்' என்னும் கருவி, நிறுவப்படாத பொதிகளிலும் தேடிச் சொல்லும். ஊகத்தால் பல பொதிகளை நிறுவுவதினும் இவ்வாறு வினவுதல் நன்று.

இரண்டாம் வினா: கோப்புள்ள இடம் தேடல் பட்டியலில் உள்ளதா? பொதியை நிறுவியபின்னும் நம் மாணவர்க்கு அதே செய்தி மீண்டும் வரும். பலர் மனந்தளர்வது இவ்விடத்தில்தான். தொகுப்பி தேடுவது 'யூஎஸ்ஆர்' அடைவினுள் உள்ள 'இன்க்ளூட்' முதலிய சில இடங்களில் மட்டுமே. அவற்றின் உள்ளடைவுகளுக்குள் அது தானாகப் புகுவதில்லை. 'எச்பி.எச்' கோப்போ 'இன்க்ளூட்' அடைவினுள் 'ஹார்ஃப்பஸ்' என்னும் உள்ளடைவில் உள்ளது. செய்தி ஒன்றே, காரணம் வேறு. சிறுகோட்டுடன் பெரிய 'ஐ' எழுத்தை இட்டு அவ்வடைவின் பாதையைத் தொகுப்பிக்குத் தருவது இதற்குரிய தீர்வு. பாதைகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுவதில்லை. 'பேக்கேஜ்-கான்ஃபிக்' என்னும் கருவியிடம் ஹார்ஃப்பஸ் என்னும் பெயரைக் கொடுத்தால், வேண்டிய பாதைகளை அதுவே தரும். தொகுப்பி எங்கெங்கே தேடுகிறது என்பதை அறிய, சிறுகோட்டுடன் கூடிய பெரிய 'ஈ', சிறிய 'வி' ஆகிய இரு தெரிவுகளோடு ஜிசிசியை இயக்கினால், தேடும் இடங்களை அது வரிசையாகக் காட்டும். செய்தி சொல்லாமல் விட்டதை இங்கே நேரடியாகக் காணலாம்.

கோப்பின் பெயரைத் தாங்கும் குறிகளும் பொருளுடையன. மேற்கோள் குறிகளுக்குள் இட்டால், தொகுப்பி முதலில் அந்நிரல் இருக்கும் அடைவில் தேடும்; கிட்டாவிடில் பிற இடங்களுக்குச் செல்லும். கோண அடைப்புக்குறிகளுக்குள் இட்டால், நாம் தந்த பாதைகளிலும் அமைப்புக்குரிய இடங்களிலும் மட்டுமே தேடும். மாணவர் தாமே எழுதிய தலைப்புக் கோப்பைக் கோண அடைப்புக்குறிக்குள் இட்டு, கண்ணெதிரே இருக்கும் கோப்பைக் கணினி இல்லையென்பதாக வியப்பதுண்டு.

மூன்றாம் வினா: பெயரும் பதிப்பும் ஒத்துள்ளனவா? பைத்தான் மொழிக்கான கூறுகளைச் சி மொழியில் தொகுக்கும்போது வேண்டப்படும் 'பைத்தான்.எச்' கோப்பின் முதலெழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்து. லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. நமக்கு லகரமும் ளகரமும் வேறாவது போல. விண்டோஸில் இயல்பாக அவ்வேறுபாடு பார்க்கப்படுவதில்லை. ஆதலால் அங்கே தொகுக்கப்பட்ட நிரல் லினக்ஸில் நின்றுபோகலாம். பதிப்பு வேறுபாடு லினக்ஸ் கருவகத்திற்குரிய கூறுகளைத் தொகுக்கும்போது மிகுதியும் வெளிப்படும். அங்கே தலைப்புக் கோப்புகள், அக்கூறு செயற்படவிருக்கும் கருவகத்தின் பதிப்போடு ஒத்திருத்தல் வேண்டும். கருவகத்தைப் புதுப்பித்தபின் கணினியை மறுதொடக்கம் செய்யாதிருந்தால், இயங்குவது பழைய பதிப்பாகவும் நிறுவப்பட்ட தலைப்புக் கோப்புகள் புதிய பதிப்பினவாகவும் இருக்கக்கூடும். 'யூநேம்' கட்டளையைச் சிறிய 'ஆர்' தெரிவோடு இயக்கினால் இயங்கும் பதிப்பு தெரியும்.

செய்யத் தகாதன

இப்பிழையை மறைக்க இரண்டு குறுக்குவழிகள் உண்டு, இரண்டும் தீங்கானவை. ஒன்று, தலைப்புக் கோப்பை வேறெங்கிருந்தோ படியெடுத்துத் தம் அடைவில் இடுதல். 'எச்பி.எச்' தன்னுள் வேறு பல தலைப்புக் கோப்புகளை வரவழைக்கும். ஒன்றை மட்டும் படியெடுத்தால் அடுத்தது காணாமற்போகும். எல்லாவற்றையும் படியெடுத்தாலும், அவை கணினியிலுள்ள நூலகத்தின் பதிப்போடு ஒவ்வாதிருக்கலாம். அப்போது முன்னறிவிப்பு ஒன்றாகவும் வரையறை வேறொன்றாகவும் முடியும்.

மற்றொன்று, பிழை தரும் 'இன்க்ளூட்' வரியையே அழித்துவிடுதல். பழைய சி மொழியில் அறிவிக்கப்படாத செயற்கூறு ஒரு முழுஎண்ணைத் திருப்பித் தரும் என்று தொகுப்பி தானே கருதிக்கொள்ளும். 1999ஆம் ஆண்டுத் தரநிலை அவ்விதியை நீக்கியது. எனினும் ஜிசிசி நெடுங்காலம் இதனை எச்சரிக்கையாக மட்டுமே கூறி வந்தது. 2024இல் வெளிவந்த 14ஆம் பதிப்பிலிருந்தே இயல்புநிலையில் பிழையாகக் கொள்கிறது. பழைய பதிப்பில் வரியை அழித்தால் தொகுப்பு நிறைவேறிவிடலாம். ஆனால் 64 பிட் நினைவக முகவரி ஒன்றைத் திருப்பித் தரும் செயற்கூறு, 32 பிட் முழுஎண்ணைத் தருவதாகத் தவறாகக் கொள்ளப்படும். முகவரியின் பாதி இழக்கப்படும். நிரல் பின்னொரு நாள் காரணம் தெரியாமல் வீழும். வெளிப்படையாக நிற்கும் பிழை, மறைந்து நிற்கும் பிழையினும் நன்று.

வகுப்பறையில்

ஆசிரியப் பெருமக்கள் மேற்கொள்ளத்தக்க எளிய பயிற்சி ஒன்று உண்டு. இப்பிழை தோன்றியவுடன் மாணவர் விசைப்பலகையைத் தொடாமல், செய்தியைத் தமிழில் ஒரு முழுத்தொடராக எழுதட்டும்: 'தமிழ்.சி கோப்பின் 1ஆம் வரியில் கேட்கப்பட்ட எச்பி.எச் என்னும் கோப்பை, தொகுப்பி தான் தேடிய இடங்களில் காணவில்லை.' கோப்புகள் ஒன்றையொன்று வரவழைக்கும் நிலையில், 'இன் ஃபைல் இன்க்ளூடெட் ஃப்ரம்' என்று தொடங்கும் வரிகள் பிழைக்கு மேலே வரும்; எது எதனை வரவழைத்தது என்னும் தொடர்ச்சியையும் அவற்றைக் கொண்டு எழுதட்டும். பின்னர் உள்ளதா, தேடப்பட்டதா, ஒத்துள்ளதா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணட்டும். செய்தி பல வரிகளாக நீண்டால், கடைசி வரியிலிருந்து தொடங்காமல் முதலில் தோன்றிய பிழையிலிருந்து தொடங்கட்டும். பின்வருவன பெரும்பாலும் அதன் விளைவுகளே.

இவ்வாறு எழுதிப் பார்க்கும் மாணவர், தமக்குத் தெரியாத கட்டளையை நிருவாகி உரிமையோடு இயக்க வேண்டிய தேவை அருகும். மேலும், 'இல்லை' என்று கணினி கூறுவது தம் அறிவைப் பற்றிய தீர்ப்பன்று, ஒரு கோப்பு இருக்கும் இடத்தைப் பற்றிய செய்தி மட்டுமே என்பதையும் அவர் தாமே கண்டுகொள்வார்.