பென்சில் முனையில் இருக்கும் பலம்

வைரம் ஏன் அவ்வளவு கடினம்னு கேட்டா, அதில் கார்பன் அணுக்களுக்கு இடையே இருக்கும் பிணைப்பு ரொம்ப பலம் என்பதுதான் வழக்கமாக வரும் பதில். பாதிதான் சரி. பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டில் ஒரு அணுவுக்கும் பக்கத்து அணுவுக்கும் உள்ள பிணைப்பு, வைரத்தில் இருப்பதைவிட பலமானது!

கார்பனுக்கு மொத்தம் 6 எலக்ட்ரான்கள். வெளிக்கூட்டில் இருக்கும் 4 தான் பிணைப்புக்கு உதவும். நாலு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைரத்தில் நாலு கையும் நாலு அணுக்களைப் பிடித்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் இடையே 109.5 டிகிரி. எந்தப் பக்கம் அழுத்தினாலும் தாங்கும். பிணைப்பின் நீளம் 0.154 நானோமீட்டர்.

கிராஃபைட்டில் மூணு கைகள்தான், ஒரே தளத்தில், 120 டிகிரி இடைவெளியில். தேன்கூடு மாதிரி அறுகோணங்கள். மிச்சமிருக்கும் நாலாவது எலக்ட்ரான் எந்த ஒரு அணுவோடும் ஒட்டாமல் தளம் முழுக்கப் பரவி, அந்த மூணு பிணைப்புகளையும் இன்னும் இறுக்குகிறது. நீளம் 0.142 ஆகக் குறைகிறது. கிராஃபைட் மின்சாரம் கடத்துவதும் இதே எலக்ட்ரானால்தான்.

அப்புறம் ஏன் பென்சில் தேயுது? அடுத்த தளம் 0.335 நானோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் பலவீனமான வாண்டர்வால்ஸ் விசை மட்டும்தான். காகிதத்தில் ஒட்டுவது உரிந்து வந்த தளங்கள். (பென்சிலில் களிமண்ணும் கலந்திருக்கும், அதை விடுங்க.) மான்செஸ்டரில் கைமும் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து உரித்து ஒற்றைத் தளத்தையே பிரித்தார்கள். 2004-ல் வெளியான அந்த வேலைக்கு 2010-ல் நோபல் கிடைத்தது. அந்த ஒற்றைத் தளம்தான் கிராஃபீன். இழுத்துப் பார்த்தால் எஃகெல்லாம் கிட்டவே வராது.

தளங்கள் சீட்டுக்கட்டு மாதிரி நழுவும், அதனால் கிராஃபைட் நல்ல மசகு என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. இரண்டாம் உலகப்போரில் ரொம்ப உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர்களில் கார்பன் பிரஷ்கள் மளமளவென்று தேய்ந்து தூளாகிப்போயின. தரைக்கு அருகே ஒழுங்காக ஓடிய அதே பிரஷ்கள்தான். காரணம், மேலே காற்றில் ஈரம் இல்லை. தளத்தின் விளிம்பில் இருக்கும் அணுக்களுக்கு ஒரு கை காலியாக நிற்கும்; எதிரே வருவதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். நீராவி வந்து அந்தக் கைகளை மூடினால்தான் வழுக்கல் சரியாக இருக்கும். வெற்றிடத்தில் அது கிடைக்காது. அதனால்தான் விண்கலங்களில் உலர் மசகு வேண்டுமென்றால் கிராஃபைட்டை விட்டுவிட்டு மாலிப்டினம் டைசல்ஃபைடைப் போடுகிறார்கள்.