பனிமூட்டத்தின் மேல் ஒரு பழைய தாள்

கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களின் கைப்பேசியில் ஒரு படம் கட்டாயம் இருக்கும்: அதிகாலைப் பனிமூட்டத்தில் தேயிலைச் சரிவு. நேரில் பார்த்தபோது உடல் சிலிர்த்தது. வீட்டுக்கு வந்து திரையில் பார்த்தாலோ சாம்பல் பூசியதுபோல் மங்கிக் கிடக்கிறது. உடனே படத்தைத் திருத்தும் செயலியைத் திறந்து, பழைய தாள், சிமென்ட் சுவர், சாக்குத்துணி போன்ற ஒன்றின் படத்தை அதன் மேல் மெல்லியதாகப் படர விடுகிறோம். இதைத்தான் டெக்ஸ்ச்சர் மேலடுக்கு என்கிறார்கள். சில நேரம் படம் உயிர் பெறுகிறது. சில நேரம் அழுக்காகிவிடுகிறது. இரண்டுக்குமே அறிவியல் காரணம் உண்டு.

முதலில் பனிமூட்டத்தைப் பார்ப்போம். அது தரையைத் தொட்டு நிற்கும் மேகம்தான். ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறும்போது குளிர்ந்து, அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகிறது. ஒரு துளியின் விட்டம் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர்தான். அலைநீளத்தைவிடத் துளி இவ்வளவு பெரிதாக இருப்பதால் நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறுகின்றன. எனவே பனிமூட்டம் வெண்மையாகத் தெரிகிறது.

சிதறிய இந்த ஒளி, உங்களுக்கும் மரத்துக்கும் நடுவே திரைபோல் நிற்கிறது. தூரம் கூடக் கூடத் திரை தடிக்கும். எப்படித் தடிக்கும் என்பதை 1924இல் கோஷ்மீடர் என்ற ஜெர்மானிய வானிலை அறிவியலாளர் விளக்கினார். பார்வைத்தூரம் 500 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு, ஏறக்குறைய 90 மீட்டருக்கு ஒருமுறை பாதியாகும். 90 மீட்டரில் பாதி, 180இல் கால், 270இல் அரைக்கால். 500 மீட்டரில் 2 விழுக்காடுதான் மிஞ்சும். பனிமூட்டப் படத்தில் நாம் ரசிக்கும் ஆழம் இந்தப் படிப்படியான மறைவில்தான் இருக்கிறது. இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

கேமராவுக்கு இதெல்லாம் தெரியாது. எந்தக் காட்சியும் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற எண்ணத்தில்தான் அது வெளிச்சத்தை அளக்கிறது. வெண்பனியையும் சாம்பலாக்கிவிடுகிறது. ஆகவே எடுக்கும்போதே வெளிச்சத்தை ஒரு படி கூட்டி எடுங்கள். இதைச் செய்யாமல் மேலடுக்கு போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம்.

பயப்பட வேண்டாம், வெறும் பெருக்கல்தான். கருமைக்கு 0, வெண்மைக்கு 1. உங்கள் படத்தின் ஒரு புள்ளி ‘ப’, மேலடுக்கின் புள்ளி ‘ம’. ‘ஓவர்லே’ என்ற கலப்பு முறையில், ப 0.5க்குக் குறைவாக இருந்தால் விடை 2 × ப × ம. அதற்கு மேல் இருந்தால் 1 − 2 × (1 − ப) × (1 − ம). ம சரியாக 0.5 என்றால் படம் மாறவே மாறாது. நீங்களே போட்டுப் பாருங்கள். இப்போது சுவரின் சொரசொரப்பு 0.4க்கும் 0.6க்கும் இடையே ஏறி இறங்குகிறது என்போம். பனி 0.8 அளவில் பளிச்சென்று இருந்தால் விடை 0.76க்கும் 0.84க்கும் இடையில்தான் அசையும். பனி 0.5 அளவில் மங்கியிருந்தாலோ 0.4 முதல் 0.6 வரை ஆடும். அதாவது இரண்டரை மடங்கு! ஈரச்சுவரில் பூஞ்சை பிடித்ததுபோல் படம் கெடுவது இதனால்தான். குறை பெரும்பாலும் மேலடுக்கில் இல்லை, அடியில் இருக்கும் படத்தில்தான்.

மேலடுக்கால் எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. சாதாரண ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். பனிமூட்டம் அவற்றில் 40 படிகளுக்குள் அடங்கிவிடலாம். அதை இழுத்து விரித்தால் வானில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியும். நுண்ணிய சொரசொரப்பு அந்தக் கோடுகளின் விளிம்பை உடைத்துவிடும். லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1961இல் எம்ஐடி மாணவராக இருந்தபோது எழுதிய ஆய்வேட்டில் இதையே சொன்னார்: படத்தில் வேண்டுமென்றே சிறிது இரைச்சலைச் சேர்த்தால் குறைந்த பிட்டுகளிலும் படம் நன்றாகத் தெரியும். பின்னாளில் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டை உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர்.

இனி, நினைவில் வைக்கச் சொன்ன விஷயம். பனிமூட்டத்தில் அருகிலுள்ளது தெளிவு, தூரத்திலுள்ளது மறைவு. மேலடுக்கோ அருகில், தூரத்தில் என்று பார்க்காமல் எங்கும் ஒரே அளவில் படர்கிறது. 400 மீட்டர் தள்ளி உள்ள குன்றின் மேல் கூர்மையான கீறல் ஒன்று தெரிந்தால், கண் குன்றைவிட்டுக் கீறலைப் பார்க்கும். ஆழம் போய்விடும். எனவே தூரப் பகுதியில் மேலடுக்கை மங்கலாக்குங்கள், அல்லது அழித்துவிடுங்கள். ஜப்பானிய ஓவியர் ஹசெகாவா தோஹாகு 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த ‘பைன் மரங்கள்’ ஓவியத்தில், மரங்களுக்கு இடையே மை தொடாத வெறும் தாளே பனிமூட்டமாக நிற்கிறது. அந்தத் தாளில் கீறல் போட்டு அவர் கெடுக்கவில்லை!

நான் இதில் வேறு வகையில் தவறினேன். பிரிஞ்சாங் பக்கம் எடுத்த படம் ஒன்றின் மேல் பழுப்பேறிய பழைய தாளின் படத்தைப் படரவிட்டு, குடும்பக் குழுவில் போட்டேன். “மலையிலும் புகைமூட்டம் வந்துடுச்சா? அத்தைக்கு ஆஸ்துமா, இந்த வாரம் அங்கே கூட்டிட்டுப் போகலாமா?” என்று அத்தை மகன் பதறிக் கேட்டான். கேள்வி நியாயமானது. காட்டுத்தீப் புகையின் துகள்கள் பெரும்பாலும் 1 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. அவை எல்லா நிறங்களையும் சமமாகச் சிதறடிப்பதில்லை. அதனால் புகைமூட்டம் மஞ்சளும் பழுப்புமாகத் தெரியும், சூரியன் சிவக்கும். 2013 ஜூன் 21ஆம் தேதி சிங்கப்பூரில் காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டது. இரண்டு நாள் கழித்து மூவாரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அந்த நிறத்தை மறக்காதவர்கள் நம்மில் பலர். தூய பனித்துளியைப் பழுப்புத் தாளால் மூடி, நான் என்னையறியாமல் காற்றைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தேன்.

மறுநாள் அதே தாளின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, சராசரியை 0.5க்குக் கொண்டுவந்து, ‘கிம்ப்’ என்ற இலவச மென்பொருளில் 25 விழுக்காடு அடர்த்தியில் மீண்டும் வைத்தேன். நிறம் மாறவில்லை, சொரசொரப்பு மட்டும் வந்தது. பக்கத்தில் மூலப் படத்தையும் சேர்த்தே அனுப்பினேன். அத்தை அந்த வாரக் கடைசியில் மலைக்குப் போய், ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு வந்தார்.