மரத்தூளை வீட்டுக்கு வெளியே நிறுத்துவோம்

தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் உருவாகிறது. குடத்தைக் குடைவதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் பல குடும்பங்களில் வீட்டை ஒட்டிய பட்டறையிலேயே நிகழ்கின்றன. தரையில் விழும் சீவலைப் பெருக்கிவிடலாம். தேய்க்கும்போது எழும் நுண்தூளோ நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வெளியிட்ட தொகுப்பில், மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே வகைப்படுத்தியது. பாதிப்புக்கு உள்ளாவது பெரும்பாலும் மூக்கின் உட்பகுதி. இருமலும் இளைப்பும் வேலைநாளில் மிகுந்து ஓய்வுநாளில் தணியுமாயின், மருத்துவரிடம் தொழிலையும் மறவாது கூறுங்கள்.

தூசி உறிஞ்சும் இயந்திரத்தைச் சுவருக்கு வெளியே அமைப்பதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். உள்ளே வைத்தால் அதன் துணிப்பை வழியே நுண்தூள் மீண்டும் அறைக்குள் கசியும். குழாய் நீளாமலும் அதிகம் வளையாமலும் இருக்கட்டும். வெளியேறும் காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று வர, எதிர்ப்புறச் சன்னல் திறந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு மேலே தகரக் கூரை அவசியம். பை இருக்கும் பக்கம் அண்டை வீட்டுச் சன்னலோ, குழந்தை உறங்கும் திண்ணையோ உள்ளதா என்று முதலிலேயே பாருங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

பையை உதறுவது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். உதறாமல், மெதுவாகக் கழற்றி, தூளை வேறொரு பையில் இட்டு வாயைக் கட்டி அகற்றலாம். அப்போது என்95 முகக்கவசம் அணிய வேண்டும். துண்டைக் கட்டிக்கொள்வது நுண்தூளைத் தடுக்காது.