புறவாசலில் ஓர் ஆக்குப்புரை!

நாஞ்சில் நாட்டுக் கல்யாணத்தில் பந்தியை மட்டும் பார்த்தவர் பாதிக் கல்யாணத்தைத்தான் பார்த்திருக்கிறார். மீதி நடப்பது சமையல் கொட்டகையான ஆக்குப்புரையில். வாழையும் கறிவேப்பிலையும் கொழுகொழுவென்று நிற்கும் வீடுகளிலும் அப்படி ஓர் ஆக்குப்புரை உண்டு. கிணற்றடிக்கு அப்பால், பக்கவாட்டில் துளை போட்ட பழைய டிரம்மாக ஒளிந்திருக்கும். இன்றைக்கு அதற்குள்தான் எட்டிப் பார்க்கப் போகிறோம். மூக்கைப் பிடிக்காதீர்கள், அவசியமே இருக்காது. மூடியைத் திறக்கலாமா?

அடடா, மேலே கிடக்கும் சரக்கைப் பாருங்கள்! அவியலுக்கு நறுக்கிய சேனைத் தோல், முருங்கைக்காய் நுனி, மரச்சீனித் தொலி, தேயிலைச் சக்கை. அந்த ஓரத்தில் மட்டிப்பழத் தோல். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய குமரி மட்டியாக்கும், தோலுக்கும் ஒரு கெத்து வேண்டாமா! சக்கைப்பழக் காலம் வந்தாலோ கொண்டாட்டம்தான். வீட்டுக்காரருக்குச் சுளை, டிரம்முக்கு மடல்.

ஆனால் இந்த உரச் சமையலின் கைப்பக்குவம் காய்கறித் தோலில் இல்லை. அதன்மேல் தூவியிருக்கிற காய்ந்த சருகில் இருக்கிறது. நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். காய்கறிக் கழிவில் அந்த விகிதம் பெரும்பாலும் 20-ஐத் தாண்டாது. எனவே அதை மட்டும் கொட்டினால் நொதநொதத்து நாறும். மாவிலை, பலாவிலைச் சருகு அதைச் சரிக்கட்டும். தென்னை நார்க்கழிவில் விகிதம் 100-க்கும் மேல். கதம்பையும் தும்பும் குவிந்து கிடக்கிற இந்த மண்ணில் காய்ந்த சரக்குக்குப் பஞ்சமா? ஒரு கை ஈரக் கழிவுக்கு ஒன்று அல்லது இரண்டு கை சருகு. அவ்வளவுதான் கணக்கு!

இனி உள்ளே கையை விடுங்கள். சூடாக இருக்கிறதா? அடுப்பு மூட்டியவர்கள் பாக்டீரியாக்கள். சர்க்கரையும் மாவுச்சத்தும் தின்று தீர்க்கும் அவசரத்தில் அவை விடும் வெப்பம் அது. ஒரு மீட்டர் நீள, அகல, உயரமுள்ள குவியல் என்றால் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். களை விதையும் நோய்க்கிருமியும் அதில் வெந்துபோகும். சின்ன டிரம்மில் அவ்வளவு ஏறாது, வெதுவெதுப்போடு நின்றுவிடும். சூடு தணிந்த பிறகு பூஞ்சைகளும் ஆக்டினோமைசீட்டுகள் என்ற பாக்டீரியாக்களும் களமிறங்கி நாரையும் மரப்பொருளையும் மென்று உடைக்கும். வெள்ளை நூல் படர்ந்திருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள், வேலை ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். அதோ, தட்டையாக, பழுப்பாக நெளிகிறதே, அது கருப்புப் படைவீரர் ஈயின் புழு! பார்த்ததும் வீட்டில் ஒரு கூச்சல் கிளம்பும். ஆனால் பரம சாது. வளர்ந்த ஈ கடிக்காது, சாப்பாட்டை மொய்க்காது. புழுப் பருவத்தில் தின்பதுதான் அதன் சாப்பாடு, அதுவும் நம் கழிவை!

நல்ல டிரம்மில் புதுமழை மணம் வரும். அதைத் தருவது ஜியோஸ்மின், ஆக்டினோமைசீட்டுகளின் கைவண்ணம். மூக்கில் அமோனியா ஏறினால் சருகு போதவில்லை. அழுகின முட்டை நாற்றம் என்றால் காற்றுப் போகவில்லை, கம்பால் கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறிப் பெய்கிற ஊர் இது. மூடியில்லாத டிரம் ஆனியிலும் ஐப்பசியிலும் குளமாகிவிடும்.

சாளை, அயிலை மீன் சுத்தம் செய்த கழிவை டிரம்மில் போட்டால் அக்கம்பக்கத்துப் பூனை அத்தனையும் ஆஜர்! அதைத் தென்னை மூட்டில் ஆழமாகக் குழிதோண்டிப் புதைப்பதே உத்தமம். மிஞ்சிய சோறு, குழம்புக்கு இன்னொரு வழி உண்டு. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள அபிவிருத்தித் திட்டம் உருவாக்கிய ‘சக்தி சுரபி’ கலன் சமையலறைக் கழிவை எரிவாயுவாக்கி அடுப்புக்கே திருப்பித் தரும். வெளியேறும் கரைசலும் உரமே. உயிரிவாயுப் பணிக்காக அந்தத் திட்டம் 2006-இல் பிரிட்டனின் ஆஷ்டன் விருதைப் பெற்றது.

இத்தனை பாடு எதற்கு, குப்பை வண்டி வந்தால் போட்டுவிடலாமே? போடலாம். ஆனால் வண்டி எங்கே போகும்? 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். மாநிலச் சராசரி 555. வயல், குளம், தோப்பு, வீடு என்று நெருக்கியடித்துக் கிடக்கிற நாட்டில் குப்பைக்கு ஏது தனி நிலம்? நாகர்கோவில் வலம்புரிவிளை கிடங்கில் குப்பை மலை தீப்பிடித்துப் புகைந்ததை ஊரே கண்டது. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் விளப்பில்சாலை மக்கள் போராடி, 2011 டிசம்பரில் திருவனந்தபுரத்தின் குப்பை ஆலையை மூடவைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த நகரம் வீட்டுக்கு வீடு உரத்தொட்டி என்ற வழிக்குத் திரும்பியது. பிரித்துக் கொடுங்கள் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளும் சொல்கின்றன. வீட்டுக் குப்பையில் பாதியளவு மக்கும் பொருள்தான். அது படியிறங்காமல் நின்றாலே கிடங்கின் சுமை பாதியாகும்.

இரண்டு மூன்று மாதம் கழித்து டிரம்மின் அடியைக் கிளறினால் மட்டித் தோலும் தெரியாது, மரச்சீனித் தொலியும் தெரியாது. கறுப்பாக, உதிரி உதிரியாக, போட்டதில் கால்பங்கு அளவுக்கு உரம்! சல்லடையில் சலித்து வாழை மூட்டில் போடுங்கள். கட்டி நின்றது மறுபடி டிரம்முக்கே போகட்டும், அடுத்த ஈட்டுக்கு அதுதான் உறை.

புது டிரம் வாங்க ஓட வேண்டாம். துளை போட்ட இரண்டு பழைய வாளிகளும் ஒரு சாக்குச் சருகும் போதும். ஒன்று நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். முற்றத்தைப் பெருக்கியதும் அந்தச் சருகுக்குத் தீ மட்டும் வைத்துவிடாதீர்கள். உரத்தின் பாதி அதில்தான் இருக்கிறது.