ஞானசௌந்தரியின் கைகள்

கத்தோலிக்கக் குடும்பங்களில் வளர்ந்த எமது தாய்மாருக்கு ஞானசௌந்தரியின் கதையை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கடலோர ஊர்களில் அது நாட்டுக்கூத்தாக ஆடப்பட்டது. நாடகக் கம்பனிகளும் மேடையேற்றின. 1948 இல் எம்.வி. ராஜம்மாவும் டி.ஆர். மகாலிங்கமும் நடித்துத் திரைப்படமாக வந்து பெரும் வெற்றி பெற்றது. அதே ஆண்டில் ஜெமினி நிறுவனமும் இக்கதையைப் படமாக்கியது. அது எடுபடவில்லை.

மாற்றாந்தாயின் ஏவலால் காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டு, இரண்டு கைகளும் வெட்டப்பட்ட ஓர் அரசகுமாரியின் கதை இது. பிலேந்திரன் என்ற இளவரசன் அவளைக் கண்டு மணமுடிக்கிறான். அவன் போருக்குப் போயிருக்கும் வேளையில் இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றன. இடைவழியில் கடிதம் மாற்றி எழுதப்படுகிறது. தாயும் பிள்ளைகளும் காட்டுக்கு விரட்டப்படுகிறார்கள். அங்கே மாதாவின் அருளால் கைகள் மீண்டும் கிடைக்கின்றன. கடைசியில் கணவனும் வந்து சேர்கிறான்.

ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812 இல் வெளியிட்ட கதைகளுள்ளும் கையில்லாத பெண்ணொருத்தி இருக்கிறாள். அங்கே கைகளை வெட்டுபவன் பெற்ற தகப்பன். எமது கதையில் பழி முழுவதும் மாற்றாந்தாய்க்குப் போகிறது. பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று காட்டுவது எமது படங்களுக்கு எப்போதும் வசதியாகத்தான் இருந்திருக்கிறது.

பிரசங்கங்களில் ஞானசௌந்தரி பொறுமைக்கு உதாரணமாகச் சொல்லப்படுவதுண்டு. எனக்கு அது போதாது என்றே படுகிறது. கதையில் எது முதலில் நடக்கிறது என்று பாருங்கள். கணவன் வந்த பிறகு அவளுக்குக் கைகள் கிடைக்கவில்லை. அவன் வருமுன்பே, காட்டில், பிள்ளைகளோடு தனித்திருந்தபோதே கிடைத்துவிட்டன. கணவன் வந்தால்தான் வாழ்க்கை தொடங்கும் என்று இக்கதை சொல்லவில்லை.

ஏறாவூர்ப் பக்கத்தில் இதைப் பேசும்போது 1990 ஆம் ஆண்டை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஆகஸ்ட் 11 இரவும் 12 அதிகாலையும் ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9 இல் சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் படையினரால் கொல்லப்பட்டார்கள். இவ்விரண்டுக்கும் இடையில், ஆகஸ்ட் 15 அன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட இயேசுசபைக் குருவானவர் யூஜின் ஹீபர்ட் அடிகளாரும் அவருடன் சென்ற இளைஞரும் ஏறாவூர்ப் பகுதியில் காணாமற்போனார்கள். அன்று மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அமெரிக்காவிலிருந்து வந்து மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர் அவர். அடிகளாரைப் பற்றிப் பலர் எழுதினார்கள். கூடப்போன இளைஞரின் வீட்டாரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

மூன்று சமயத்துப் பெண்களும் அன்றிலிருந்து காத்திருக்கிறார்கள். "மரணச் சான்றிதழ் வாங்கினால் நானே அவரைக் கொன்ற மாதிரி" என்று சொல்லும் அக்காமார் இன்றும் உண்டு. அதே நேரம் காணிக்கும் வங்கிக் கணக்குக்கும் தாள் கேட்கிறார்கள். சிலரைப் பங்கிலேயே, "இன்னும் எதற்குப் பொட்டு?" என்று கேட்டுவிடுகிறார்கள். மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திவிட்டு இப்படிக் கேட்பதை என்னவென்று சொல்வது!

2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்பதற்கான சான்றிதழைப் பெறலாம். அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. அதைக் கொண்டு சமூகநல உதவிக்கு விண்ணப்பிக்கலாம், சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம், பிள்ளைகளின் பாதுகாவலுக்கும் கேட்கலாம்.

ஞானசௌந்தரியை இரண்டாம் முறை காட்டுக்கு அனுப்பியது ஒரு கடிதம். ஆகவே அலுவலகங்களில் நீட்டப்படும் தாளைக் கையொப்பமிடுமுன் முழுதாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சிங்களத்தில் இருந்தால் தமிழில் கேளுங்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியொன்றையும் வீட்டில் வைத்திருங்கள்.