மகாலுக்கு எடுத்த மண், குளமான பள்ளம்

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஏறத்தாழ 16 ஏக்கர். திருமலை நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம் அது என்று ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். மகால் 1636-இல் எழுந்தது. 1645-இல் குளத்துக்குக் கரை கட்டி, நடுவில் மண்டபம் வைத்து, வைகையிலிருந்து வாய்க்காலும் வெட்டினார்கள். பின்னாளில் திருமலையின் பேரன் சொக்கநாதர் மகாலின் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். அது மதுரைக்கு இழப்புதான். ஆனால் கல்லும் மரமும் குப்பைக்குப் போகவில்லை.

இப்படி, எடுத்த பொருளை ஒருமுறை பயன்படுத்தி எறியாமல் மறுபடி மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவருவதைச் சுழற்சிப் பொருளாதாரம் என்கிறார்கள். வீட்டில் குப்பையைத் தரம் பிரித்தால் போதும் என்று பேசுவது பாதி உண்மை. பிரித்த பொருள் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். அதை ஒதுக்குவது நகரை வடிவமைப்பவர்களின் வேலை.

பிரித்த பிளாஸ்டிக் போய்ச் சேர இடம் உண்டு என்பதற்கு மதுரையிலேயே சான்று உண்டு. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன், சூடேற்றிய ஜல்லியில் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவினார். உருகிய பிளாஸ்டிக் ஜல்லியைப் போர்வையாகப் பற்றிக்கொள்ள, அதன்மேல் தாரைக் கலந்தார். அப்படிப் பூசிய ஜல்லியில் தண்ணீர் எளிதில் இறங்காது. தாரும் கொஞ்சம் மிச்சம். 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே இந்த முறையில் சாலை போடப்பட்டது; 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒற்றைத் தடச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் செல்லும்.

ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் தார்ச்சாலை போடும்போது பிளாஸ்டிக் கழிவைச் சேர்க்க வேண்டும் என்று 2015-இல் மத்திய அரசு அறிவித்தது. மதுரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் அழகர்கோவில் அந்த வட்டத்துக்குள்தான் வருகிறது. ஆனால் சோறும் சாம்பாரும் ஒட்டிய கேரி பை இதற்கு உதவாது. காய்ந்த, சுத்தமான பிளாஸ்டிக் வேண்டும், பி.வி.சி. கலக்கவே கூடாது. ஆகவே வார்டுக்குள் பிரிக்கவும் உலர்த்தவும் கூரை போட்ட கூடம், பக்கத்தில் துணுக்காக்கும் இயந்திரம், அங்கிருந்து தார் பிளான்டுக்கு லாரி போகும் வழி, இவை மூன்றும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நகரில் ஓர் ஆலையின் நீராவியும் கழிவும் இன்னொன்றுக்குப் பயன்படுகின்றன. ஆலைகள் குழாய் எட்டும் தொலைவில் அமைந்ததால்தான் அது முடிந்தது.

சாலையில் சேர்ப்பதைவிட நல்லது, குப்பையே உண்டாகாமல் பார்ப்பது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் அழகர்மலையிலிருந்து வைகைக்கு வரும் வழியெங்கும் அவர் தங்கிச் செல்லும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். நீர்மோர், பானகம், தண்ணீர்ப் பந்தல். எவர்சில்வர் தம்ளரில் கொடுக்க மனமிருந்தாலும் கழுவ இடம் வேண்டுமே! குழாய், கழுவுமேடை, அந்தத் தண்ணீர் சாலையோர மரத்துக்குப் போகும் கால்வாய், இவ்வளவு இருந்தால் காகிதக் கப்புக்கு அங்கே வேலையே இல்லை. 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. தடை சொன்ன அரசு மாற்றுக்கு வேண்டிய குழாயையும் மேடையையும் கட்டித்தர வேண்டாமா?

அழகர்கோவில் சாலையை அகலப்படுத்தும்போதும் புதிய குடியிருப்புகளுக்கு மனைப்பிரிவு ஒப்புதல் தரும்போதும், பூங்காவுக்கு நிலம் கேட்பதைப் போலவே தரம் பிரிக்கும் கூடத்துக்கும் நிலம் கேட்டு வாங்க வேண்டும். மனைகள் விற்றுத் தீர்ந்த பிறகு தேடினால், ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கு மட்டுமே கிடைக்கும்.