எந்த இரவில் குடிக்கிறார்கள்?

கிழமைக்கு எத்தனை நாள் குடிப்பீர்கள், ஒருமுறைக்கு எவ்வளவு? கணக்கெடுக்க வருகிறவர்கள் எங்கேயும் இதைத்தான் கேட்கிறார்கள். மன்னார்க் கரையோரத்துப் பேசாலையில் ஒரு வாடிக்குள் நுழைந்து கேட்டுப் பாருங்கள். வலை பொத்துகிறவர் தலை நிமிராமலே “பெருநாளுக்கு ரெண்டு சொட்டு” என்பார். படிவம் நிரம்பிவிடும்.

இந்த ஊரே கேள்வியை எழுதினால் அது வேறாக இருக்கும்: எந்த இரவில்? திங்கள், புதன், சனி என்றால் தமிழ்நாட்டு இழுவைமடிப் படகுகள் இக்கரைவரை வரும். வலை அறுந்துபோகும் என்ற பயத்தில் அன்றைக்குப் பலர் கடலில் இறங்குவதில்லை. தொழில் இல்லை, கரையில் கூட்டாளிமார் இருக்கிறார்கள். தவறணைக்கும் கசிப்புக்கும் அந்த இரவுகளில் கூடுதலாகப் போகிறதா? வெளியூர்ப் படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.

இன்னொன்று தவக்காலம். வெற்றிநாயகி ஆலயத்தை நடுவில் வைத்து வாழும் ஊர் இது. நேர்த்தி வைத்து நாற்பது நாளும் போத்தலைத் தொடாதவர்கள் கத்தோலிக்கக் கரையோரங்களில் எப்போதும் உண்டு. உயிர்ப்பு ஞாயிறு மத்தியானமே சிலர் பழையபடி. அந்த நாற்பது நாளைக் கடந்தது எப்படி, நாற்பத்தோராம் நாள் கைவிட்டது எது என்று அவர்களிடம் கேட்டு எழுதினாலே நல்ல ஆய்வு. ஒரு எச்சரிக்கை: தினமும் அளவுமீறிக் குடித்தவர் சடாரென்று நிறுத்தினால் கை நடுங்கலாம், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நேர்த்தியோடு ஆஸ்பத்திரியும் வேண்டும்.

போதை ஒரு நோய், மருந்து போதும், இதில் ஊருக்கு என்ன வேலை என்பாரும் உண்டு. இருக்கட்டும். ஊர் கைகொடுத்த இடங்களும் உண்டு.

மேற்கு அவுஸ்திரேலியாவின் பிட்ஸ்ராய் கிராசிங்கில் ஆதிக்குடிப் பெண்கள் 2007இல் எழுந்து நின்றார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் மதுவுக்குக் கட்டுப்பாடு கேட்டு வாங்கினார்கள். அதோடு விடவில்லை. கர்ப்பத்தில் குடித்ததால் பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று பார்க்க ஆய்வாளர்களைத் தாங்களே அழைத்தார்கள். அதுதான் லிலில்வான் ஆய்வு. 2002, 2003இல் பிறந்த பிள்ளைகளைப் பரிசோதித்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளைக்குப் பாதிப்பு. எந்தத் தாய் இதைக் கேட்க விரும்புவாள்? கேட்டார்கள்.

மகாராட்டிரத்தின் கட்சிரோலி பழங்குடி மாவட்டத்திலும் 1980களின் கடைசியில் ஊர்க்காரரே கணக்குப் பார்த்தார்கள். மாவட்டத்தின் ஆண்டு அபிவிருத்திப் பணத்தைவிடக் குடிக்குப் போன பணம் அதிகம். 1993இல் அங்கே மதுவிலக்கு வந்தது. தமிழ்நாட்டு மஞ்சக்குடியில் 1989 முதல் சென்னை டி.டி.கே. மருத்துவமனை ஊருக்குள்ளேயே முகாம் போட்டுச் சிகிச்சை கொடுத்தது.

ஆனால் அந்த ஊர்களுக்கு இல்லாத ஒரு வில்லங்கம் நமக்கு உண்டு. எனக்கு உறுத்துவது அதுதான். இந்தக் கரையோரத்தின் பெயர் பேப்பரில் வருவதே பெரும்பாலும் கேரளக் கஞ்சா பிடிபட்ட அன்றைக்குத்தான். இராமேசுவரம் அவ்வளவு கிட்ட. பொதி வருகிற வழியில் ஊர் இருக்கிறது, அது ஊரின் குற்றமில்லை. இந்த நிலையில் “பேசாலையில் இத்தனை வீதம்” என்று ஓர் எண் வெளியே போனால் என்னவாகும்? மாப்பிள்ளை பார்க்க வருகிறவன் அதைச் சொல்லிச் சீதனம் கூட்டிக் கேட்பான். வெளிநாட்டு விசாவுக்கு நிற்கும் பையனை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அந்த அறிக்கையால் ஊருக்கு ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில்கூடக் கிடைத்திராது, கெட்ட பெயர் மட்டும் தங்கிவிடும். குடிகாரக் கணவனைப் பெண்கள் மறைப்பதற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. மகளின் கலியாணமும் அதில் இருக்கிறது.

ஆகவே கணக்கைப் பெண்கள் எடுக்கட்டும். மீன் விற்ற காசில் வீட்டுக்கு வந்தது எவ்வளவு என்று அறிந்தவர்கள் அவர்கள்தான். தாளில் பெயர் வேண்டாம். தாள்கள் ஊருக்குள்ளேயே பூட்டியிருக்கட்டும். எது வெளியே போகலாம் என்பதை ஊர்க்கூட்டம் தீர்மானிக்கட்டும். சாராயம் குடிப்பவரின் மனைவி இதற்கு ஒருவேளை சம்மதிப்பாள். ஐஸ் போதைப்பொருள் எடுக்கும் பையனின் தாயோ பொலிசுக்கும் பயந்தவள். சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் அவள் பேனையைத் தொடமாட்டாள்.